பழைய புடவையில் ஒரு தலைக்கயிறு

என் கணவர் அதைச் சொன்னது ஒரு சாயங்காலம், தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தனக்கு வேறு ஒரு பெண்மேல் மனசு இருந்ததாகவும், வீட்டில் பிடிவாதம் பிடித்ததால்தான் என்னைக் கட்டிக்கொண்டதாகவும், இனிமேலும் இப்படியே ஓட்ட முடியாது என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொண்ணு வெக்கட்டுமா?" என்றேன். வைத்தேன். அவரும் சாப்பிட்டார். அடுப்பை அணைத்து, மிச்ச மாவை மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

கணியம்பாடி வாடகை வீட்டிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் அப்பா அம்மாவிடம் வந்துவிட்டேன். நிலத்திலேயே வீடு. நிலக்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் தென்னை, பின்னால் ஜவ்வாது மலை. எனக்கும் சேர்த்து அம்மா அழுதாள். பக்கத்து நிலத்துப் பெண்கள் வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வாசல் தாண்டும்போது ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு. கல்லு மாரி கீது." அவள் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு டம்ளர்களைக் கழுவினேன்.

அப்பா எதையும் கேட்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். நான் வந்த அன்றைக்கு என் பையை வாங்கி உள்ளே வைத்தார். மோட்டார் போடப் போனார்.

பொங்கல் முடிந்து சில நாளில் அவர் தேங்காய் விற்க வாணியம்பாடி போனார். திரும்பும்போது குட்டியானை வண்டியின் பின்னால் ஒரு குதிரை நின்றுகொண்டு வந்தது. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்த ஒரு பாய் வயசாகித் தொழிலை விடுகிறாராம். மற்றவை விற்றுப்போய் இது ஒன்று மிச்சமாம்.

அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "பொண்ணு வாழ்க்க இப்டி கீது. நீங்க குதிர வாங்கினு வர்றீங்களா? இன்னாத்துக்குங்க இது? ஏர் ஓட்டவா?"

அப்பா தாழ்ப்பாளைத் திறந்துகொண்டே சொன்னார். "பாக்க நல்லா இருந்துச்சி."

அதற்குமேல் அவர் காரணம் சொன்னதில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

குதிரைக்கு வயிறு பெரிதாக இருந்தது. பாய் நன்றாகத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார் என்று அப்பா பெருமைப்பட்டார். பிறகு வயிறு உப்புசமோ என்று பயந்து மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உப்புசமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. உள்ள குட்டி கீது." அப்பா உடனே பாய்க்கு போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்கும் கேட்டது. "அல்லா சத்தியமா எனக்குத் தெரியாது ஐயா. ஒண்ணு குடுத்தேன், ரெண்டாப் போச்சு. நல்லா இருங்க." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயில் ஏறுவதற்குள் மாட்டுக்கும் குதிரைக்கும் சோளத்தட்டை போடுவது என் வேலையாகியிருந்தது. ஒரு காலையில் போனபோது கொட்டகையில் குதிரை நிற்கும் மூலையில் நான்கு காலுக்குப் பதில் எட்டுக் கால் தெரிந்தது. குட்டி பிறந்து எழுந்தும் நின்றுவிட்டது. உடம்பு இன்னும் ஈரம். கால்கள் உடம்போடு ஒட்டாத நீளம். பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. தாயின் முன்னங்காலுக்கு நடுவில் மடியைத் தேடிக்கொண்டிருந்தது.

பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, சந்தோஷம் வரவேண்டிய இடத்தை நான் உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "நைனா, குட்டி போட்டுட்ச்சி" என்று குரல் கொடுத்தேன். அம்மா ஓடிவந்து, "ஐயோ, இன்னா அழகா கீதுடி" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தட்டையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

குட்டி முதலில் யாரிடமும் பயப்படவில்லை. அப்பாவின் துண்டை இழுக்கும். அம்மா காயவைத்த கேழ்வரகில் காலை வைக்கும். அதைக் கெடுத்தது என் தாய்மாமன். படவேட்டில் கரும்பும் நெல்லும் வைத்திருப்பவர். எத்தனையோ காளைகளைப் பழக்கியவர் என்பதால் குதிரையும் அவருக்குத் தெரியும் என்று அம்மா நம்பினாள். என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர் குட்டியைப் பார்த்தார்.

"இப்பவே அடக்கணும்க்கா. பெருசாச்சினா எவனும் கிட்ட போக முடியாது. கயித்த எடு."

நைலான் கயிற்றைக் குட்டியின் கழுத்தில் மாட்டித் தென்னை மரத்தில் கட்டினார். அப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார். குட்டி ஒரு எட்டு வைத்தது, கயிறு இழுத்தது. அதற்கு என்னவென்று புரியவில்லை. பின்னால் போனது. கயிறு இன்னும் இறுகியது. மொத்த பலத்தையும் பின்னுக்குக் கொடுத்து முன்னங்காலைத் தூக்கி நின்றது. மல்லாக்க விழுந்தது. விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது. கொட்டகைக்குள் தாய்க்குதிரை கத்தியது. அந்த மாதிரிக் கத்தலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"வுடு வுடு, தானா எழுந்திருக்கும். அப்பத்தான் புத்தி வரும்" என்றார் மாமா.

முடிச்சு இறுகிவிட்டிருந்தது. அவிழ்க்க முடியவில்லை. கொட்டகை ஓலையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வந்து கயிற்றை அறுத்தேன். குட்டி மூச்சை இழுத்தது, எழுந்தது, தடுமாறித் தாயிடம் ஓடியது. நான் அரிவாளை இருந்த இடத்தில் செருகிவிட்டு வந்தேன்.

"மாமா, நீங்க கெளம்புங்க" என்றேன்.

"இன்னா சொல்ற?"

"கெளம்புங்க மாமா. பஸ் போய்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். நான் கோபமாகச் சொல்லவில்லை, எனக்குக் கோபம் வரவும் இல்லை. நேரம் சொல்லுகிற மாதிரி சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். மாமா சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு குட்டி மனித வாசனை பட்டாலே தாய்க்கு அந்தப் பக்கம் போய் நின்றது. அப்பா வெல்லம் காட்டிப் பார்த்தார். வரவில்லை. எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் வீட்டுக்குள் இருந்தால் அம்மா பெருமூச்சு விடுவதைக் கேட்க வேண்டும். அதனால் கொட்டகைக்குப் பக்கத்துப் புங்க மர நிழலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார ஆரம்பித்தேன். குட்டியைப் பழக்க வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. சும்மா உட்கார்ந்தேன்.

குட்டி முதலில் தூரத்தில் நின்று பார்த்தது. அப்புறம் மேய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு கொஞ்சம் கிட்டே வந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் மூச்சு பட்டது. என் பின்னலை முகர்ந்தது. நான் திரும்பவில்லை. ஊதிவிட்டு ஓடிப்போனது. மறுநாள் மறுபடி வந்தது.

பிற்பாடு ஊரில் எல்லோரும், "அந்தப் பொண்ணுக்கு இன்னா பொறுமை" என்று சொன்னார்கள். அது பொறுமை இல்லை. பொறுமை என்றால் ஏதாவது ஒன்று வேண்டும் என்று காத்திருப்பது. எனக்கு அந்தக் குட்டியிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அது எப்படியோ குட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொட ஆரம்பித்தபோதுதான் கொஞ்சம் யோசித்தேன். மோட்டார் கொட்டகைக்கிட்டே மட்டும் போனில் சிக்னல் வரும். அங்கே நின்று வெளிநாட்டுக்காரர்கள் குதிரை பழக்குகிற வீடியோக்களைப் பார்த்தேன். பேசுவது பாதிதான் புரிந்தது. கை எங்கே போகிறது, எப்போது எடுக்கிறார்கள் என்பது புரிந்தது. முகத்தை நேராகத் தொடக்கூடாது. முதலில் தோள்பட்டை. குட்டி விலகுவதற்கு முன்னால் நாமே கையை எடுத்துவிட வேண்டும். தோள்பட்டையிலிருந்து பிடரி, பிடரியிலிருந்து முதுகு. அதற்குப் பிடித்த இடம் பிடரி முடிகிற மேடு. அங்கே சொறிந்தால் மேல் உதட்டை நீட்டிக்கொண்டு கண்ணை மூடும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சிரிப்பு வரக்கூடிய விஷயம் இது என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

தலைக்கயிறு போடுகிற நாள் வந்தபோது வீட்டில் இருந்ததெல்லாம் அதே நைலான் கயிறு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அம்மா பார்த்தாள். உள்ளே போனாள். பீரோவிலிருந்து நைந்துபோன ஒரு பருத்திப் புடவையை எடுத்து வந்து கிழித்தாள்.

"அது அறுக்கும்டி. ஏற்கெனவே கழுத்துல தழும்பு கீது."

கால் விரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, எனக்குச் சின்ன வயதில் தலை பின்னிய வேகத்தில் மூன்று புரியாகப் பின்னினாள். மூக்குக்கு எவ்வளவு, காதுக்குப் பின்னால் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு முடிச்சுப் போட்டாள். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட தலைக்கயிறு. குட்டியின் கண்ணெதிரே அதை நாள்கணக்கில் என் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது அதைக் கடித்தது, இழுத்தது, சலித்துப்போனது. ஒரு காலையில் மூக்கை அதற்குள் அதுவே விட்டது. நான் காதுக்குப் பின்னால் முடிந்தேன். உடனே அவிழ்த்துவிட்டேன். மறுபடி முடிந்தேன்.

நடக்கப் பழக்க அப்பா வந்தார். அவர் தாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். நான் குட்டியோடு பின்னால். கயிற்றை இழுக்கமாட்டேன். நின்றால் நானும் நிற்பேன். மலையடிவரை போய்த் திரும்புவோம். அப்பாவும் நானும் அந்த நடையில் பேசிக்கொண்டது மிகக் கொஞ்சம். "மழ வரும் போல கீது." "ஆமா நைனா." அவ்வளவு. ஒரு தடவை மட்டும் அவர் திரும்பாமலே கேட்டார். "தூக்கம் வருதாம்மா?" வருகிறது என்றேன்.

ஐப்பசி மழை நின்ற ஒரு நாள் என் கணவர் பைக்கில் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பா "வாங்க" என்றார். மாப்பிள்ளை என்ற சொல்லை விட்டுவிட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கொட்டகையில் குட்டியின் காலைத் தூக்கிப் பழக்கிக்கொண்டிருந்தேன். லாடம் அடிக்கவோ குளம்பு சீவவோ, நாளைக்கு எது என்றாலும் கால் கொடுக்க அது இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். இளைத்திருந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து கேட்டா சீக்கிரம் முடியுமாம். வக்கீல் சொன்னார்" என்றார்.

"சரி."

"நீ யோசிச்சு சொல்லு."

"யோசிக்க இன்னா கீது? கையெழுத்துப் போடறேன்."

அவர் ஏதோ பெரிதாக எதிர்பார்த்து வந்திருந்தார் போல. திட்டு, அழுகை, சாபம். அது கிடைக்காமல் அங்கேயே நின்றார். குட்டி அவரை நோக்கிப் போனது. சட்டைப் பையை முகர்ந்தது. அவர் கையை நீட்டி நெற்றியைத் தொடப் போனார். குட்டி சட்டென்று தலையைத் தூக்கிப் பின்வாங்கியது.

"மூஞ்சியத் தொடாதீங்க. தோள்ல வைங்க. மெதுவா" என்றேன்.

வைத்தார்.

"தட்டாதீங்க. சும்மா வைங்க போதும். அது நவுறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க."

அவர் கையை வைத்தபடி இருந்தார். குட்டியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கையை எடுக்க மறந்துவிட்டார். குட்டி விலகிப் போய்விட்டது. அவர் கை மட்டும் வேலிக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்காவது வருகிறதே என்று தோன்றியது. அதில் குத்தல் இல்லை. பஸ் கிடைத்தவரை நிறுத்தத்தில் நிற்பவர் பார்க்கிற மாதிரி பார்த்தேன். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கோர்ட்டில் எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் பக்கம் பக்கமாக நின்றோம். விருப்பத்தோடுதான் பிரிகிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவரும் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். இருவரும் குடித்துவிட்டு பஸ் ஏறினோம். அன்றைக்காவது நான் உடைந்து அழுவேன் என்று அம்மா காத்திருந்தாள். ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். பக்கெட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அழுதது அதற்கு வெகு நாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில். குட்டி அதற்குள் ஒரு வயது தாண்டி நல்ல கனம். பால் மறந்துவிட்டது. தாயை விட்டுத் தனியாகவும் என்னோடு நடக்கும். ரோட்டில் லாரி ஹாரன் அடித்தபோது ஒதுங்கியது, ஒதுங்கிய குளம்பு என் கால் கட்டைவிரல்மேல் இறங்கியது. இறங்கியது மட்டுமல்ல, அங்கேயே நின்று லாரியை வேடிக்கை பார்த்தது.

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். குட்டியை, லாரிக்காரனை, செருப்புக் கடைக்காரனை. என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. குட்டி காலை எடுத்துவிட்டு, இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி பார்த்தது. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. அம்மா நிலத்துக்குக் குறுக்கே ஓடிவந்தாள்.

"இன்னாடி? இன்னா ஆச்சி?"

"வலிக்கிதும்மா."

அம்மா என் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "அழுடி. நல்லா அழு" என்றாள். நான் வேறு எதற்கோ அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்குக் கால்தான் வலித்தது. அதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் ஒரு வலி வலியாகவே தெரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது என்பதும் உண்மை. நகம் முளைக்கிறவரை நொண்டிக்கொண்டு திரிந்தேன். அழுகை அந்தக் காலையோடு நின்றுவிட்டது. மறுபடி பழையபடி ஆனேன். முழுக்கப் பழையபடி என்று சொல்ல மாட்டேன். குழம்பில் உப்பு குறைந்தால் தெரிந்தது. மத்தியான வெயில் எரிச்சலாக இருந்தது. அந்த அளவுதான்.

ஆவணி முடிகிற சமயம் பாயின் தம்பி வந்தார். வாணியம்பாடியில் அவர் தொழிலைத் திரும்ப ஆரம்பிக்கிறாராம். குட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். காலைத் தூக்கினார், கொடுத்தது. காதுக்குக் கிட்டே கை தட்டினார், அசையவில்லை.

"யாரு பழக்கினது?" என்றார்.

அப்பா என்னைக் காட்டினார். "அவளக் கேளுங்க. அவ சொல்றதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விற்பதா வேண்டாமா என்று உள்ளே கேட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றும் கனக்கவில்லை. நல்ல இடம்தான், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று பட்டது. "குடுத்துடலாம் நைனா" என்றேன்.

அப்பா முகம் தொங்கிப்போனது. ஆனாலும் தலையாட்டினார். அப்போது அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அதெல்லாம் குடுக்க முடியாது பாய்."

"இல்லம்மா, பொண்ணே சரின்னு..."

"அவ இன்னா கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவா. அவ பேச்செல்லாம் இப்ப எடுத்துக்காதீங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே மோர் குடித்துவிட்டுப் போனார். என்னைப் பற்றி அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பெருமூச்சு மட்டும்தான் விடுகிறாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஏதோ ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் கையிலிருந்த மோர் டம்ளரை வாங்கிக் கழுவினேன்.

அந்த வாரம் மழை பெய்தது. கொள்ளு விதைக்க ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் அவரவர் நிலத்தில் இருந்தார்கள். அப்பா ஏர் ஓட்ட, நானும் அம்மாவும் பின்னால் தூவிக்கொண்டு போனோம். குட்டியை அவிழ்த்துவிட்டிருந்தோம். அது வரப்பில் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தது. பிறகு இறங்கி வந்து, விதைத்த சாலில் மூக்கை விட்டுக் கொள்ளைத் தின்ன ஆரம்பித்தது.

"ஏய், ஓட்டுடி அத!" என்று அம்மா கத்தினாள்.

நான் ஓட்டப் போனேன்.